கோப்பையைத் திருப்பிப் பார்

அன்புள்ள மீனாவுக்கு,

பக்கத்து வீட்டுப் பாட்டி உனக்கென்று விட்டுப்போன டீ செட்டின் படங்கள் வந்தன. கடைக்காரர் மொத்தமாக ஒரு விலை சொல்கிறார், கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். கொடுக்காதே. இரண்டு நாள் பொறு.

இங்கிலாந்தின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் முப்பது வருஷம் சுற்றியவள் சொல்கிறேன். பூவையும் தங்க விளிம்பையும் அப்புறம் ரசிக்கலாம், முதலில் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார். உன்னுடையதில் மேலே கிரீடம், வட்டத்துக்குள் 51 என்று இருக்கிறது. அது வூஸ்டர் என்ற இங்கிலாந்து ஊரின் பீங்கான் பட்டறை தொடங்கிய 1751ஐக் குறிப்பது. சுற்றி 'ராயல் வூஸ்டர் இங்கிலாந்து' என்று எழுதியிருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. 'இங்கிலாந்து' என்ற சொல்லைப் பார்த்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய பொருள்தான்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். 1892இல் முத்திரையோடு ஒரு புள்ளி வைத்தார்கள். வருஷத்துக்கு ஒன்றாகக் கூடி 1915இல் அது 24 ஆனது. உன் கோப்பையின் படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன்: 14 புள்ளி. அப்படியென்றால் 1905. சாஸரில் 9தான், அது 1900. கண்ணு, இவை இரண்டும் ஒன்றாகப் பிறந்த ஜோடி இல்லை. பழைய கோப்பை உடைந்து, அதே டிசைனில் வேறொன்று வாங்கிச் சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இதனால் விலை கொஞ்சம் இறங்கும். ஆனால் யாரோ அந்த செட் முழுசாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்கள், இல்லையா?

கோப்பையை விரல் நுனிகளில் நிறுத்தி, நகத்தால் விளிம்பைச் சுண்டு. நல்லது என்றால் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். விளக்குக்கு எதிரே பிடி. போன் சைனா என்ற இந்த வகைப் பீங்கானில் கிட்டத்தட்டப் பாதி எலும்புச் சாம்பல், அதனால் பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரியும். கைப்பிடி ஒட்டும் இடத்தில் நிறம் மாறியிருந்தால் பசை போட்டு ஒட்டியது.

விலைக்கு, கடையில் எழுதி வைத்திருப்பதைப் பார்க்காதே. ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பார். பழசு என்பதற்காக மட்டும் யாரும் காசு தருவதில்லை. ராயல் ஆல்பர்ட் என்ற இன்னொரு கம்பெனியின் 'ஓல்டு கன்ட்ரி ரோஸஸ்' என்ற ரோஜா டிசைன் அழகுதான். ஆனால் 1962இலிருந்து கோடிக்கணக்கில் செய்தார்கள், எங்கும் கிடைக்கும். வூஸ்டரில் கையால் பழங்கள் வரைந்து ஓவியர் கையெழுத்துப் போட்டது கிடைத்தால் அது வேறு கதை. பூதக்கண்ணாடி வைத்துப் பார், தூரிகைக் கோடு தெரிகிறதா, அச்சுப் புள்ளிகளா என்று.

எதையும் பாத்திரம் கழுவும் மெஷினில் போடாதே. நான் ஒரு தட்டைப் போட்டு, தங்கமெல்லாம் மங்கி வெளியே எடுத்தேன். இன்றும் மனசு கேட்கவில்லை.

மற்ற ஐந்து ஜோடிகளின் புள்ளிகளையும் எண்ணி இன்று ராத்திரி அனுப்பு. தூங்காமல் காத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா