கேட்பாரற்ற வீடுகள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை நாள்களில் மெட்டல் டிடெக்டர் கருவியோடு ஊர் ஊராகச் சென்று, பாழடைந்த வீடுகளில் பழங்காசு தேடும் இளைஞர்களைப் பற்றித் தாங்கள் சென்ற இதழில் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அதில் "கேட்பாரற்றுக் கிடக்கும் வீடுகள்" என்று ஒரு வரி வருகிறது. அன்று அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

இளையான்குடிப் பக்கம் அப்படிப்பட்ட வீடு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. ஓடு சரிந்து, முற்றத்தில் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நிற்பது உண்மைதான். ஆனால் இந்த ஆண்டு வரை வீட்டு வரி கட்டிய ரசீது என்னிடம் உள்ளது. பட்டா காலஞ்சென்ற என் தந்தையார் பெயரில் இருக்கிறது. கண்மாய் நிறையாத ஆண்டுகள் அடுத்தடுத்து வந்ததாலும், பிள்ளைகளின் படிப்புக்காகவும் ஊரைவிட்டு வந்தோமே தவிர, வீடு வேண்டாமென்று யாரும் விட்டுவரவில்லை. அந்தக் கண்மாயைத் தூர்வாரக் கேட்டு இதே வாசகர் கடிதப் பகுதிக்கு நான் அனுப்பிய கடிதங்கள் இரண்டும் வெளிவரவில்லை. குடியிருந்த காலத்தில் தங்கள் பக்கங்களில் இடம்பெறாத எங்கள் ஊர்கள், ஆள் இல்லாமல் போன பிறகு பொழுதுபோக்குக்கான இடங்களாக இடம்பெறுவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாட்டுப் பொங்கலன்று வாசலில் ஒரு பானை வைத்துப் பொங்கிவிட்டு வரலாமென்று போயிருந்தோம். தலைவாசல் நிலையின் இரண்டு பக்கமும் முழங்கை ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். தேக்கு நிலை ஒருபக்கமாகச் சாய்ந்து, அதற்கு மேல் சுவர் இரண்டாகப் பிளந்து நின்றது. குவிந்திருந்த மண்ணில் துருப்பிடித்த ஆணிகளும் ஒரு கீல் துண்டும் கிடந்தன. அவற்றோடு, அவர்கள் கண்ணுக்குத் தப்பிய ஓர் ஓட்டைக் காலணாவும் இருந்தது. 1944-இல் அந்த நிலை வைத்தபோது நவதானியத்தோடும் காசுகளோடும் தன்னிடமிருந்த ஒரு குண்டுமணித் தங்கத்தையும் கீழே போட்டதாக என் அப்பத்தா பலமுறை சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் நிலைக்கு அடியில் ஒன்றும் போடாமல் வீடு கட்டியவர் இல்லை. அதனால்தான் கருவி வேறெங்கும் ஒலிக்காவிட்டாலும் வாசலில் ஒலிக்கிறது. சிறு காசாக இருந்தால் ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்குத்தான் அந்தக் கருவிக்குத் தெரியும். ஆணிக்கும் காசுக்கும் வேறுபாடு காண்பதும் எளிதல்ல. ஆகவே திண்ணை, அடுப்படி, ஆட்டுக்கல் பதித்த இடம் என்று ஒலித்த இடமெல்லாம் தோண்டிப் பார்க்கிறார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில், காணாமல் போன பொருளுக்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்பத்தா மண்ணுக்குள் போட்ட தங்கத்துக்கு நான் எங்கே போய் ரசீது வாங்குவேன்?

தாங்கள் அறியாததல்ல, 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்குள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதே சட்டம், புதைத்து நூறு ஆண்டுகள் ஆகாத பொருளுக்குப் புதைத்தவரோ அவர் வழிவந்தவரோ உரிமை கோரினால், நீதிமன்றத்தில் அதை நிலைநாட்ட அவகாசம் தரச் சொல்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டமே எங்களுக்கு நூறு ஆண்டு கொடுத்திருக்க, எண்பது ஆண்டுகூட முழுதாகக் கழியாதபோது எங்கள் வாசலைத் தோண்டிவிட்டார்கள். தங்கள் கட்டுரையோ அப்படிப்பட்ட வாசல்களுக்குக் கேட்பார் இல்லை என்கிறது.

இங்கிலாந்தில் இது கண்ணியமான பொழுதுபோக்கு என்று கட்டுரையாளர் பெருமையாகக் குறிப்பிட்டிருக்கிறார். அங்கே நிலத்துக்குரியவரின் அனுமதி இல்லாமல் கருவியோடு இறங்கக்கூடாது என்பதையும், 1996-ஆம் ஆண்டின் சட்டப்படி புதையல் கிடைத்தால் பதினான்கு நாள்களுக்குள் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அவர் ஏன் எழுதவில்லை? வைகைக் கரையில் கீழடியில் ஓர் ஓட்டுச் சில்லைக்கூட எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டுதான் வெளியே எடுத்தார்கள். எங்கள் வாசலில் இருந்து போன காசுகள் எந்த வீட்டின் நிலைக்கு அடியில் இருந்தவை என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு நான் கேட்கவில்லை. வீட்டுக்காரரைத் தேடிக் கேட்டு அனுமதி பெறாமல் எந்த வீட்டு மண்ணிலும் கைவைக்கக்கூடாது என்றும், கிடைத்ததை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அடுத்த இதழில், அதே பக்கத்தில், இரண்டு வரி வெளியிடுங்கள். வீட்டுக்காரர் யாரென்று தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்வார் என்பதையும் சேர்த்துக்கொண்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை.