புள்ளிக்கு முன் விழுந்துபோன கோடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் எழுத்துகளைத் தேட எழுதும் வடிவம்) பற்றிய பாடத்தைப் படித்தேன். தமிழில் இதைச் சொல்லித்தர முன்வந்ததற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் 3\.14 என்று வர வேண்டிய எடுத்துக்காட்டு, பேக்ஸ்லாஷ் (\ என்ற சாய்கோடு) விழுந்து 3.14 என்று அச்சாகியிருக்கிறது. தேடல் வடிவத்தில் தனிப் புள்ளிக்கு 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள்; முன்னால் பேக்ஸ்லாஷ் இருந்தால்தான் அது வெறும் புள்ளி. அச்சான வடிவம் 3914ஐயும் பிடிக்கும், 3-14ஐயும் பிடிக்கும். கேட்ட 3.14ஐயும் சேர்த்தே பிடித்துவிடுவதால், போட்டுப் பார்க்கும் மாணவருக்குப் பிழை கண்ணிலேயே படாது.

இதே பிழையை நான் செய்திருக்கிறேன். சர்வர் பராமரிப்பில் இருந்தபோது, 10.1.1.5 என்ற ஒரே ஒரு முகவரியைத் தடுக்கச் சொன்னார்கள். அதை அப்படியே தடுப்பு விதியில் தேடல் வடிவமாக ஒட்டினேன். மாலைக்குள் 10.121.5 என்று தொடங்கும் கணினிகள் ஒன்றுகூட உள்ளே நுழைய முடியவில்லை. இரண்டு வரிகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தாளில் எழுதி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது: நடுப்புள்ளி அந்த 2ஐ விழுங்கியிருந்தது. ஒரு பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் என்னால் அரை நாள் வேலையை இழந்தார்கள். (புள்ளிகளைச் சரிசெய்தாலும் 10.1.1.50 மாட்டும். தொடக்கத்துக்கு ^, முடிவுக்கு $ போட வேண்டும் என்பது அடுத்த பாடம்.)

ஆகவே என் வேண்டுகோள்: நட்சத்திரக் குறியையும் கூட்டல் குறியையும் கற்பிக்கும் முன்பே, அவற்றின் சிறப்புப் பொருளை நீக்கி வெறும் எழுத்தாக்குவது எப்படி என்று கற்பியுங்கள். அதிலும் பயனர் தட்டச்சு செய்ததைத் தேடும்போது கையால் பேக்ஸ்லாஷ் போடக் கூடாது, ஒன்றாவது விட்டுப்போகும். அதைத் தானாகச் செய்ய நிரல்மொழிகளிலேயே வசதி உண்டு: பெர்லில் கோட்மெட்டா (quotemeta), பைத்தானில் ரீ.எஸ்கேப் (re.escape), ஜாவாவில் 2004இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்தே பேட்டர்ன்.கோட் (Pattern.quote) இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் காரர்களுக்குத்தான் நெடுங்காலம் இல்லை. முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் 2025இல்தான் வந்து சேர்ந்தது.

ஜாவாவில் இன்னொரு சிக்கல் உண்டு. சரத்தை (மேற்கோள் குறிக்குள் எழுதும் உரையை) வாசிக்கும்போது மொழி இரண்டு பேக்ஸ்லாஷுக்கு ஒன்றைத் தின்னும், பிறகு தேடல் வடிவத்தை வாசிக்கும் நிரலும் அப்படியே இரண்டுக்கு ஒன்றைத் தின்னும். ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேட \\\\ என்று நான்கு எழுத வேண்டும். இதைக் கண்டு மிரளும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டு பேர் அடுத்தடுத்து வாசிக்கிறார்கள் என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

அடுத்த வாரம் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அச்சுக்கோப்பில் மீண்டும் பேக்ஸ்லாஷ் தொலையும் என்று அஞ்சினால், 3[.]14 என்று போடுங்கள். சதுர அடைப்புக்குள் புள்ளி வெறும் புள்ளிதான்.

இப்படிக்கு,
நிரலாளர் ஒருவர்