கயல்விழி விண்ணப்பிக்கும் முன்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் மகள் கயல்விழி நியூயார்க் பல்கலைக்கழகத்தில் (என்.ஒய்.யு.) சினிமா எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் பட்டம் படிக்க விண்ணப்பிக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் அதற்காக மூன்று லட்சம் போட்டு, பெரிய கேமரா வாடகைக்கு எடுத்து, குறும்படம் ஒன்று பண்ணித் தரப்போகிறேன் என்கிறாயே, அதை முதலில் நிறுத்து. அந்தப் பணம் பின்னால் விசா, விமானம், வாடகை முன்பணம் என்று பல வழியில் தேவைப்படும். இடம் கிடைப்பதற்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

என்.ஒய்.யு.வின் டிஷ் கலைப்பள்ளியில் அந்தப் படிப்பு மூன்றாண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 36 பேரைத்தான் எடுக்கிறார்கள். வகுப்பு சிறியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் படத்துக்கு இன்னொருவர் கேமரா பிடிப்பார், மற்றவர் சவுண்ட் எடுப்பார், நாலாமவர் தயாரிப்பைப் பார்ப்பார். கருவியைக் கையாள அங்கே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஆகவே வரும்போதே ஒளிப்பதிவு பளபளக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இந்தப் பெண்ணுக்குக் கதையைக் காட்சியாக யோசிக்க வருகிறதா, அவளிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அது தெரிவது அவள் எழுதித்தரும் சில பக்கங்களில்.

முழுநீளப் படத்துக்கான கதைச்சுருக்கம், இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒரு காட்சி, வசனமே இல்லாத நாலு நிமிடப் படத்துக்கு ஒரு பக்கக் கதை, தன்னைப் பற்றிய கட்டுரை, ஒரு காட்சி மாதிரி, பயோடேட்டா, பரிந்துரைக் கடிதங்கள் என்று கேட்பது வழக்கம். பக்க அளவும் கேள்வியின் வாசகமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டின் அறிவிப்பைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதட்டும். போன வருஷம் சேர்ந்தவர்கள் கொடுக்கும் மாதிரியைப் பார்த்து எழுதினால், மூன்று பக்கம் கேட்ட இடத்தில் ஐந்து பக்கம் போய் நிற்கும்.

இதில் எல்லோரும் கோட்டை விடுவது அந்த ஒரு பக்கக் கதையில்தான். சின்ன வேலைதானே என்று கடைசி ராத்திரியில் எழுதுகிறார்கள். முதலாண்டில் எடுக்கும் முதல் படமே அந்த வகைதான்: வெளிப்புறத்தில், ஒலி இல்லாமல் எடுப்பது. எடுக்கும் இடம் நியூயார்க். கயல்விழி தஞ்சாவூர் வயல்வெளியில் நடக்கிற கதையை எழுதினால், அதை எங்கே, எப்படி எடுப்பாய் என்ற கேள்வி எழுந்துவிடும். இரண்டாவது தவறு, பேச்சைத் திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவருவது: வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுவது, கடிதத்தை விரித்துப் படிப்பது, பழைய போட்டோவைப் பார்த்துக் கண்ணீர் விடுவது. அது வசனத்தை எழுத்தில் மாற்றிய வேலை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நடைபாதையில் குடை விற்கிறவன். கம்பி ஒடிந்த குடையைத் திருப்பித் தர ஒரு பெண் வருகிறாள். ‘அவளுக்கு அவன் மேல் கோபம், அவனுக்கு வறுமை’ என்று எழுதினால் கேமராவுக்கு அங்கே வேலை இல்லை. அவள் குடையை நீட்டுகிறாள். அவன் வாங்காமல், பக்கத்தில் தொங்கும் குடைகளைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான். அவள் ஒடிந்த கம்பியை அவன் கண்ணுக்கு நேரே பிடிக்கிறாள். அவன் டப்பாவிலிருந்து நூல்கண்டை எடுத்துக் கம்பியைக் கட்ட ஆரம்பிக்கிறான். அவளுடைய பஸ் வருகிறது. காசைக் கேட்டு நிற்பதா, பஸ்ஸைப் பிடிப்பதா? இப்போது ஒவ்வொரு வரியையும் படம் பிடிக்கலாம். ஒருவருக்கு ஒன்று வேண்டும், இன்னொருவர் தர மறுக்கிறார், நேரம் ஓடுகிறது. ஆள் இரண்டு, இடம் ஒன்று. கவனி, இதில் மழையைச் சேர்க்கவில்லை. முதலாண்டு மாணவியால் மழையை ஆர்டர் பண்ண முடியாது. தேர்வு செய்கிறவர்களுக்கும் அது தெரியும்.

வசனக் காட்சிக்கும் இதே கணக்கு. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு பாத்திரங்களும் ஒரே குரலில், பாடப்புத்தகம் போல் பேசிவிடும். இங்கே நடக்கிற கதை என்றால் தயங்காமல் இங்கத்துப் பேச்சின் போக்கிலேயே அந்த ஆங்கிலம் இருக்கட்டும். அமெரிக்கப் பேச்சைப் பாவனை செய்தால் முதல் அரைப்பக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இருவரும் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்களோ அதன் பெயரை வாயால் சொல்லாமல் காட்சியை முடிக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல். சொத்துச் சண்டையை யார் காப்பி போடுவது என்ற பேச்சிலேயே நடத்திவிடலாம். திரைக்கதை வடிவம் என்று கேட்டிருந்தால் கொரியர் எழுத்து, 12 பாயிண்ட், இடது ஓரம் ஒன்றரை அங்குலம். இந்த வடிவில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். ஓரத்தைக் குறுக்கி அதிக வரிகளைத் திணித்தால் கண்ணுக்கு உடனே தெரியும்.

தன்னைப் பற்றிய கட்டுரையில் ‘ஐந்து வயதிலிருந்தே சினிமா என் உயிர்’ என்ற ரகம் வேண்டாம். அந்தக் குவியலில் பாதி அப்படித்தான் தொடங்கும். உன் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருபது வருஷமாக ஓடுகிற அந்த அச்சகம், அங்கே கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வருவது என்று நடக்கும் தகராறு. இதை அவளால் எழுத முடியும், வேறு எவராலும் முடியாது.

காட்சி மாதிரிக்கு அவள் கல்லூரியில் போனில் எடுத்த ஏழு நிமிடப் படமே போதும். பத்து நிமிடத்துக்குள் இருப்பது நல்லது. ஆரம்பத்தில் வரும் பேனர் பெயர், நன்றி அட்டை, சாமி படம் எல்லாவற்றையும் வெட்டிவிடு. முதல் பத்து விநாடிக்குள் படம் தொடங்க வேண்டும். ஆங்கில சப்டைட்டிலைத் தனிக் கோப்பாக வைக்காமல் படத்திலேயே பதித்துவிடு. தனியாக இருந்தால் அவர்கள் பிளேயரில் தெரியாமலே போகலாம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டிருந்தால் எடுத்துவிடு. யூடியூப் காப்புரிமை காட்டி ஒலியை அடைத்துவிட்டால் அங்கே ஊமைப்படம்தான் ஓடும். விமியோ என்ற வீடியோத் தளத்தில் ஏற்றினால் ஏப்ரல் வரை பாஸ்வேர்டை மாற்றக் கூடாது. விண்ணப்பம் அனுப்பியபின் வேறொரு போனில், லாகின் இல்லாமல் திறந்து பார்க்கட்டும். ஒலிதான் நம் மாணவர் படங்களின் பலவீனம். படத்தில் ஆடும் ஃபிரேமைப் பொறுத்துக்கொள்வார்கள், கேட்காத வசனத்தைப் பொறுக்கமாட்டார்கள்.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். துறைத்தலைவர் கொடுக்கும் ‘ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்’ கடிதத்தால் பயனில்லை. ‘நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சொல்பவரிடம் போகவே வேண்டாம். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு விளங்காதா? அவளோடு நேரடியாக வேலை பார்த்தவர்தான் வேண்டும். நாடகக்குழு நடத்துபவரோ, எடிட்டரோ, அவள் கட்டுரையைத் திருத்திய ஆசிரியரோ ஆகலாம். அவர்களுக்கு இணைப்பு மின்னஞ்சலில் போகும், அது ஸ்பாமில் விழும். அக்டோபரிலேயே பெயர்களைப் பதிந்துவிட்டால் துரத்திப் பிடிக்க அவகாசம் இருக்கும்.

பெயர் விஷயம் ஒன்று இருக்கிறது, நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வது. மார்க் ஷீட்டில் ‘எம். கயல்விழி’. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவள் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியாது) என்று விழும். பிறகு வங்கி, வீட்டு வாடகை, சோஷியல் செக்யூரிட்டி என்று எங்கு போனாலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இப்போதே பாஸ்போர்ட்டில் உன் பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துவிடு. பிறகு விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு, பரிந்துரை எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதட்டும். பட்டம் ஆங்கில வழி என்றால் சில பள்ளிகள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு தரும்; கல்லூரியில் பயிற்றுமொழிச் சான்றிதழ் வாங்கி வை. டோஃபல் எழுதினால் மதிப்பெண் இரண்டு வருஷம்தான் செல்லும். நம் ஊர் மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தை ஏற்பார்களா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறுவதால், கட்டணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்து.

ஒரே இடத்தை நம்பி இருக்காதே. நியூயார்க்கிலேயே உள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் எழுத்துக்கே முதலிடம் தரும் பள்ளி. கயல்விழியின் கைக்கு அது என்.ஒய்.யு.வை விடப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஏ.எஃப்.ஐ. (அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்) படிப்பு இரண்டாண்டு, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், தயாரிப்பு, கலை, திரைக்கதை என ஆறில் ஒன்றை விண்ணப்பிக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும், ஆகவே இன்னும் முடிவு செய்யாதவளுக்கு அது ஆகாது. அதே ஊரில் உள்ள யு.எஸ்.சி.யில் (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வகுப்புக்காக எடுக்கும் படத்தின் உரிமை பள்ளிக்குச் சொந்தம், என்.ஒய்.யு.வில் மாணவருக்கு. புனே திரைப்படக் கல்லூரியை விட்டுவிடாதே. பாலு மகேந்திரா 1969-இல் ஒளிப்பதிவு படித்து வெளியே வந்த இடம். நியூயார்க் செலவில் மிகச் சின்ன பங்கில் மூன்றாண்டு முடிந்துவிடும்.

ஏனென்றால் பணம் அப்படி. என்.ஒய்.யு.வில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல். தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு தனி. படம் எடுக்கும் செலவின் பெரும்பங்கும் மாணவர் தலையில்தான், முக்கியமாக பட்டத்துக்காக மூன்றாமாண்டு எடுக்கும் இறுதிப் படத்துக்கு. மாணவர் விசாவுக்காகப் பள்ளி தரும் ஐ-20 படிவம் வர, முதலாண்டு மொத்தச் செலவுக்குக் கையிருப்பு காட்ட வேண்டும்: சேமிப்பு, வைப்புநிதி, வங்கிக் கடன் அனுமதிக் கடிதம் செல்லும். நிலத்துக்கும் வீட்டுக்கும் ஆடிட்டர் தரும் மதிப்புச் சான்றை வைத்து ஐ-20 வாங்க முடியாது, அது காசாகக் கையில் இல்லை. அரசு வங்கிகளில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகப் பிணை கேட்பார்கள். சினிமாப் படிப்பு என்றாலே மேனேஜர் புருவத்தை உயர்த்துவார். ஜனவரியிலேயே பேசத் தொடங்கு. ஜே.என். டாட்டா அறக்கட்டளை தருவது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டியது.  ஐ-20 வந்தபின் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், அப்புறம் டி.எஸ். 160 என்ற விசா விண்ணப்பப் படிவம், சென்னை ஜெமினி பாலத்தருகே அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்கப் பொதுவாகக் கிடைப்பது 12 மாதம். அதற்குள் கடனை அடைத்துவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதே.

கடைசி நாள் டிசம்பர் தொடக்கத்தில் வரும். அங்கே இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10:29. அந்த நேரத்துக்கு விட்டுவைத்தால் தளம் திணறும், கார்டு ஓடிபி வராது. மூன்று நாள் முன்பே அனுப்பிவிடட்டும். பட்டியலில் வந்தவர்களை அதன்பின் நேர்காணலுக்கு அழைப்பார்கள், வீடியோவிலும் நடக்கும். அனுப்பிய கதையை அவர்களே புரட்டிக் கேள்வி கேட்பார்கள்: இவள் ஏன் பஸ்ஸைப் பிடிக்கவில்லை? வேறு முடிவு யோசித்தாயா? தன் கதையைத் தற்காக்க ஆரம்பித்தால் கெட்டது. சேர்ந்து யோசிக்க முடிகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. மூன்று வருஷம் கூட வேலை செய்யப் போகிறவளைத் தேடுகிறார்கள் அல்லவா.

ஒரு பக்கக் கதையை ஐந்தாறு எழுதி எனக்கு அனுப்பச் சொல். தீபாவளிக்குள் வந்தால் நல்லது. ஆங்கிலம் திருத்தாமல் அப்படியே அனுப்பட்டும். நீ நடுவில் புகுந்து செம்மைப்படுத்தாதே.

அன்புடன்,
சேகர்