மெஷின் ஓட்டுபவருக்குத் தமிழ் தெரியாது

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் செயலாளர்களுக்கும், நிகழ்ச்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கும், வீட்டிலிருந்தே வியாபாரம் செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

அச்சுக்குப் போகும் ஃபைல்களைச் சரிபார்த்துத் தயார் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஏப்ரலில் தமிழ்மொழி விழா, அப்புறம் ஆண்டு மலர்கள், தீபாவளிப் பலகாரப் பொட்டலங்களின் ஸ்டிக்கர், பொங்கல், தைப்பூசம் என்று ஆண்டு முழுக்க உங்கள் வேலைதான் என் மேசையில் கிடக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பென்கூலன் ஸ்திரீட் சன்ஷைன் பிளாசாவுக்குப் போங்கள், பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போங்கள், குவீன்ஸ்வே கடைத்தொகுதிக்குப் போங்கள். எங்கே போனாலும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் தமிழ் படிக்கத் தெரியாதவராகத்தான் இருப்பார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தவறினால் அவரே போன் போட்டு, "இது சரிதானா?" என்று கேட்பார். சீனத்தில் தவறினாலும் யாராவது ஒருவர் கண்ணில் படும். தமிழ் மட்டும் அவர்களுக்குக் கோடும் வளைவும். நாம் கொடுத்ததை அப்படியே அடித்துத் தருவார்கள், அவர்கள் மேல் குறையே சொல்ல முடியாது. மற்ற மொழிக்காரர்களுக்குக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் அந்தக் கடைசிப் பார்வை நமக்குக் கிடையாது. அதனால் நம் ஃபைல் கடை வாசலை மிதிக்கும் முன்பே முழுசாகச் சரியாக இருக்க வேண்டும்.

தமிழ் எப்படி உடைகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய எழுத்தைக் கடைக்காரர் தன் டிசைன் மென்பொருளில் ஒட்டுவார். அதில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு திறந்திருக்காது. உடனே 'பொங்கல்' என்பதில் ப-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொள்ளும். 'குடும்பம்' என்பதில் 'கு' ஒரே எழுத்தாகச் சேராமல், க தனியாகவும் பக்கத்தில் ஒரு கொக்கி தனியாகவும் நிற்கும். இன்டிசைனாக இருந்தால் பத்தி அமைப்பில் எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் வேர்ல்ட்-ரெடி காம்போசரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இல்லஸ்ட்ரேட்டராக இருந்தால் அமைப்புகளில் இண்டிக் விருப்பங்களைக் காட்டச் சொல்லி, தெற்காசிய மொழிகளுக்கான காம்போசரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. ஆனால் கேட்டால்தான் செய்வார்கள், ஏனென்றால் உடைந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு வகை உடைசல் பழைய எழுத்துருக்களால் வருவது. பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்த கட்டுரையை மலருக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு இந்த ஊரில்தான் நடந்தது. கணியன் மென்பொருளைத் தந்த நா. கோவிந்தசாமி, கணினியில் தமிழுக்கு ஒரு சீர்மை வர வேண்டும் என்று உழைத்ததும் இங்கேதான். அந்த ஊரில் இருந்துகொண்டு இன்னமும் எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற பொதுக் குறியீடான யூனிகோடு இல்லாமல் கட்டுரை வாங்குவது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எழுத்தாளர்களிடம் படைப்பு கேட்கும் அறிவிப்பிலேயே "யூனிகோடில் அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மூத்தவர் ஒருவர் பழைய எழுத்துருவில்தான் தருவார் என்றால் வாங்கி மாற்றிக்கொள்ளலாம், மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் முழுதாகப் படித்துவிட வேண்டும்.

கடைக்குக் கொடுக்க ஏற்றது பிடிஎஃப். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும், அல்லது எழுத்தையெல்லாம் அவுட்லைன், அதாவது வெறும் வடிவமாக ஆக்கியிருக்க வேண்டும். அவுட்லைன் ஆக்கிவிட்டால் பிறகு ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருத்த முடியாது, அதனால் மூல ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கேன்வாவில் வடிவமைக்கிறவர்கள் இறக்கும்போது பிடிஎஃப் பிரிண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, வெட்டும் இடத்தைக் காட்டும் கிராப் மார்க், பிளீட் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளீட் என்றால் வெட்டும் கோட்டுக்கு வெளியே பின்னணி நிறம் 3 மில்லிமீட்டர் நீண்டிருப்பது. அது இல்லாவிட்டால் கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் அட்டை ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். ஏ4 அளவு தெளிவாக அச்சாக 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதே ஃபைலை 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்பினால் சுருங்காமல் போகும். தலைவரின் படம் மங்கலாக வந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன்பு, அந்தப் படம் எத்தனை கைபேசி தாண்டி வந்தது என்று விசாரியுங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரையில் நிறம் வெளிச்சத்தால் ஆனது, காகிதத்தில் நாலு மையால் ஆனது. குங்குமச் சிவப்பு ஓரளவுக்கு வந்துவிடும். பளிச்சென்ற காவியும் மயில் நீலமும் கட்டாயம் மங்கும். தங்க நிறம் கேட்டால் கடுகுப் பொடி நிறம்தான் வரும். கல்யாணப் பத்திரிகையில் உண்மையான தங்கப் பளபளப்பு வேண்டுமானால் பளபளக்கும் மெல்லிய தாளைப் பதிக்கும் ஃபாயில் ஸ்டாம்பிங் என்று தனியாகக் கேட்டு, தனியாகக் காசு கொடுக்க வேண்டும்.

சரி, புரூஃப் பார்க்கிற விஷயம். குழுவில் ஏழு பேருக்கு அனுப்பி ஏழு பேரும் கட்டைவிரலை உயர்த்தினால், யாருமே படிக்கவில்லை என்று அர்த்தம். ஒருவர், ஒரே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் திரையில் பார்க்கக் கூடாது. வீட்டு பிரிண்டரில், 'ஃபிட் டு பேஜ்' என்பதை எடுத்துவிட்டு 100 விழுக்காட்டு அளவில் அச்செடுத்து, வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒற்று விட்டுப்போவதும் ல, ள, ழ மாறுவதும் காகிதத்தில்தான் கண்ணுக்குப் படும். தேதியையும் கிழமையையும் நாட்காட்டியோடு ஒத்துப் பாருங்கள். போன் எண்ணை அச்சில் உள்ளபடியே அழுத்திக் கூப்பிட்டுப் பாருங்கள். பணம் அனுப்புவதற்கான பேநவ் கியூஆர் குறியீட்டை அந்தக் காகிதத்திலிருந்தே ஸ்கேன் செய்து, யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். குறியீடு 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, சுற்றிலும் வெள்ளை இடம் வேண்டும், பளபள லேமினேஷன் போட்டால் விளக்கு வெளிச்சம் பட்டுக் கைபேசி தடுமாறும். இலவசத் தளங்களில் உருவாக்கும் சில குறியீடுகள் சில நாளில் செயலிழந்துவிடும், பேனர் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆண்டு மலர் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும். கடைசி நாளில் யாரோ ஒரு பிரமுகரின் வாழ்த்துச் செய்தி வந்து சேர்ந்தால் கூடுவது ஒரு பக்கம் இல்லை, நாலு பக்கம். மிச்சம் மூன்றை நிரப்ப விளம்பரம் தேடி அலைவதைவிட, அந்த வாழ்த்தை முன்பே இடம் விட்டு வைத்த பக்கத்தில் போடுவது சுலபம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஆஃப்செட்டில் பிளேட் எனும் அச்சுத் தகட்டின் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். குறைந்த எண்ணிக்கைக்கு டிஜிட்டல், சில நூறைத் தாண்டினால் இரண்டுக்கும் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. ஜிஎஸ்டி சேர்த்த விலையா என்றும் கேளுங்கள். 2024 ஜனவரி 1 முதல் அது 9 விழுக்காடு. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யாத கடை அந்த வரியை உங்களிடம் வசூலிக்கக் கூடாது.

உணவுக்கடைக்காரர்கள் மெனு அட்டையில் விலையை நிரந்தரமாக அடித்து லேமினேஷன் போடுவதை நான் தடுத்துக்கொண்டே இருக்கிறேன். வரி 2023 தொடக்கத்தில் 7லிருந்து 8 ஆனது, அடுத்த ஜனவரியில் 9 ஆனது. அப்போது அட்டைகளை இரண்டு முறை தூக்கிப் போட்டவர்கள் உண்டு. விலைப் பட்டியலைத் தனித் தாளாகச் செருகி வைக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

இனி வீட்டில் முறுக்கு, பொடி, ஊறுகாய் செய்து விற்பவர்களுக்கு. வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டு வாசலில் நீங்கள் பெயர்ப்பலகை மாட்ட முடியாது, அதனால் பொட்டலத்தின் ஸ்டிக்கர்தான் உங்கள் கடை முகப்பு. சாதாரணத் தாள் ஸ்டிக்கர் எண்ணெய் பட்டால் ஊறி இருண்டுவிடும். வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் வியர்த்ததுமே மை கரைந்து ஓடும். நீர் புகாத செயற்கைத் தாள் ஸ்டிக்கர் கேளுங்கள், கொஞ்சம் விலை கூடும், ஆனால் ஊறுகாய்க்கு அதுதான் தாங்கும். வீட்டு லேசர் பிரிண்டரில் அதை ஓட்டுவதாக இருந்தால் லேசருக்கு உகந்தது என்று உறையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும். முன்கூட்டியே பொட்டலம் கட்டி விற்கும் உணவில் போட வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்தில், 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் இருக்க வேண்டும். தமிழை அந்த அளவில் போட்டால் ண-வின் சுழிகள் அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும், எனவே தமிழில் பலகாரத்தின் பெயரை மட்டும் பெரிதாகப் போடுங்கள், அழகாகவும் இருக்கும். ஒவ்வாமைப் பொருள்களை எழுதும்போது நெய்யையும் நிலக்கடலையையும் யாரும் மறப்பதில்லை. பெருங்காயத்தை மறந்துவிடுகிறார்கள். கடையில் வாங்கும் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

வீட்டுக்கு எந்த பிரிண்டர் வாங்கலாம் என்று கேட்காத ஆள் இல்லை. பிள்ளைகளின் பயிற்சித் தாள், பில், கடிதம் என்று கறுப்பு எழுத்துதான் பெரும்பாலும் என்றால், கறுப்பு வெள்ளை லேசர் வாங்குங்கள். டோனர் தூள், மாசக் கணக்கில் சும்மா இருந்தாலும் காயாது. இங்க்ஜெட்டை வாரம் ஒரு முறையாவது ஓட்டாவிட்டால் ஊசித்துளை காய்ந்து அடைத்துக்கொள்ளும், அதைச் சுத்தம் செய்யவே பாதி மை தீர்ந்துவிடும். மைத்தொட்டி பிரிண்டர் பக்கக் கணக்கில் மலிவுதான், தினமும் நிறத்தில் அச்சடிக்கிறவருக்குப் பொருந்தும். விலைச்சீட்டை மட்டும் பார்க்காமல், மாற்று டோனரின் விலையை அது தரும் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பிரித்த காகிதக் கட்டு நாலு நாளில் வளைந்து மெஷினில் சிக்கும், பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி வையுங்கள். மாதத்துக்குப் பத்துப் பக்கம்தான் என்றால் பிரிண்டரே வேண்டாம், பொது நூலகங்களில் காசு கட்டி அச்செடுத்துக்கொள்ளலாம். வெளியே எங்கே அச்செடுத்தாலும் வாட்ஸ்அப் வெப்பை மூடிவிட்டு வாருங்கள், இறக்கி வைத்த அடையாள அட்டைப் பிரதியையும் அழித்துவிடுங்கள்.

ரசீதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வியாபாரக் கணக்குகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடை ரசீது வெப்பத்தாளில் அச்சாவது, ஓர் ஆண்டிலேயே வெளிறத் தொடங்கலாம். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சூடான லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், முழு ரசீதும் கறுத்துப்போகும்.

நேரம். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அருகருகே வரும் ஆண்டுகளில் அச்சுக்கடைகள் முதலில் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறைகளில் மூழ்கியிருக்கும், பிறகு நாள் கணக்கில் மூடியிருக்கும். தைப்பூசப் பதாகை, தண்ணீர்ப்பந்தல் பேனர் எல்லாம் பொங்கலுக்கு முன்பே கடைக்குப் போய்விட வேண்டும். நிற்கும் பேனராக இருந்தால் அடியில் ஒரு சாண் இடம் காலியாக விடுங்கள். கொஞ்சம் பெட்டிக்குள் போய்விடும், மிச்சத்தைப் பிரசாத மேசை மறைக்கும். போன் எண்ணை அங்கே போட்டுப் பயனில்லை.

கடைசியாகச் செயலாளர்களிடம் ஒரு கோரிக்கை. நிர்வாகக் குழு மாறும்போதெல்லாம் அமைப்பின் சின்னம் தொலைந்துபோகிறது. புதியவர் பழைய அழைப்பிதழைப் படம் பிடித்து, அதிலிருந்து சின்னத்தை வெட்டி எடுத்து அனுப்புகிறார். நான் அதை மறுபடி வரைகிறேன், நீங்கள் மறுபடி பணம் கட்டுகிறீர்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத சின்னத்தின் வெக்டர் ஃபைல், அதன் நிற எண்கள், பயன்படுத்தும் தமிழ் எழுத்துரு, சென்ற ஆண்டு மலரின் மூல ஃபைல், அச்சடித்த கடையின் விலைச்சீட்டு, இவற்றை ஒரே ஃபோல்டரில் போட்டு அமைப்பின் பெயரிலுள்ள கணக்கில் வையுங்கள், யாருடைய சொந்தக் கணக்கிலும் வேண்டாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொறுப்பை மாற்றிக் கொடுக்கும்போது வங்கிப் புத்தகத்தோடு அந்தக் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஃபைல்களைத் திறந்து பார்க்கும் ஒருவர்