ஆறு போக மீதி

குகை, சேலம்
ஆவணி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. இரண்டு நாளாக விட்டு விட்டு மழை. தறிக்குழியில் ஈரம் ஊறி, கால் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ "சொல்லுங்கப்பா" என்று அவசரமாகச் சொன்னதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதுவும் நீ எடுத்தால்தானே. ஜூலை 27 தொடங்கி ஆகஸ்ட் 6 வரை 11 நாளும் ராத்திரி பத்து மணிக்குத் தவறாமல் கூப்பிட்டாய். 7ஆம் தேதி ஷோ முடிந்தது. இன்றோடு 12 நாள். "பிஸிப்பா, அப்புறம் பேசறேன்" என்று இரண்டு தடவை வாட்ஸ்அப்பில் வந்ததோடு சரி.

அந்த 11 நாளில் நீ சொன்னதையெல்லாம் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். முதல் நாள்: கடைக்காரர்கள் கூப்பிட்டு, கைத்தறி நாளுக்கு ஃபேஷன் ஷோ வேண்டும் என்கிறார்கள், இடமும் இல்லை, சேலையும் இல்லை. இரண்டாம் நாள்: யாரோ நிச்சயதார்த்தத்தை ரத்து செய்ததால் ஒரு ஹால் கிடைத்தது, அதுவும் சாயங்காலம் வரை யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். ஹால் உறுதியாகும் முன்பே தேதியை மட்டும் போட்டு அழைப்பை ராத்திரியே அனுப்பிவிட்டாய். இடம் இல்லாமல் பத்திரிகை அடிக்கிற கல்யாணத்தை நான் பார்த்ததில்லை என்றேன். "தேதியை முதல்ல பிடிச்சுக்கணும்பா, இல்லன்னா வர்றவங்க வேற எங்கயாவது போயிடுவாங்க" என்றாய். சரிதான் என்று பட்டது.

போலீஸ் அனுமதி, தீயணைப்புச் சான்று, பாட்டுப் போடத் தனியாக ஒரு லைசென்ஸ், பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது, ஜெனரேட்டர். மாடல் 12 பேர், ஆளுக்கு இரண்டு சுற்று, மொத்தம் 24 சேலை. இரண்டு பெண்களுக்கு ஒரு உதவியாள், சேலை கட்டிவிட இரண்டு பேர். யார் எந்தச் சேலையில் எப்போது போக வேண்டும் என்று போட்டோவோடு ஒரு போர்டு. ஸ்டீம் அயர்ன் 3, அதில் ஒன்று கடைசி நேரத்தில் கெட்டுப் போனது. முன்வரிசையில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று நீ ஒன்றரை மணி நேரம் புலம்பினாய். முதல் பந்தி சண்டை கல்யாண வீட்டோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

விளம்பரத்துக்கு நாள் இல்லை என்று நீ செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "போனைத் தறிமேல வைச்சு அரை நிமிஷம் எடுத்து அனுப்புங்க, பேசாதீங்க, நாடா சத்தம் மட்டும் போதும்" என்றாய். முகம் இல்லை, என் கையும் ஊடை நூலோடு இங்குமங்கும் ஓடுகிற நாடாவும் மட்டும். அந்தக் கட்டைவிரல் தழும்புகூடத் தெரிந்தது. மறுநாள் தெருவில் எல்லார் போனிலும் அது வந்துவிட்டது. ஷோ தொடங்கியபோது விளக்கை அணைத்து முதலில் அந்தச் சத்தத்தைத்தான் போட்டார்களாமே. சின்ன மாமா தன் போனில் போட்டுக் காட்டினார். 45 வருஷமாக என் காதில் விழுகிற சத்தம்தான், இருந்தாலும் உடம்பு சிலிர்த்தது.

அது போகட்டும். ஆடித் திருவிழாவுக்கு நீ வரவில்லை. சாமி வேஷம் போட்டு வண்டிகளில் வருகிற வண்டி வேடிக்கையை ஒரு வருஷம் பார்க்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அம்மாதான் நீ வருவாய் என்று ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு வைத்திருந்தாள். இந்த வருஷமும் ஒரு வண்டியில் மீனாட்சி கல்யாணம். கிளி ஏந்தி நின்ற குழந்தை தூங்கி வழிந்தது. சின்ன வயதில் அதே வேஷத்தில் நீ நாலு மணி நேரம் இமைக்காமல் நின்றாயே, நினைவிருக்கிறதா? முதுகுப்பக்கம் 17 ஊக்கு குத்தியிருந்தேன். இறங்கும்போது ஒன்று குத்தி ரத்தம் வந்திருந்தது. நீ சொல்லவே இல்லை.

உன் தொழிலைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. எந்த வேலையானாலும் முன்பணம் வாங்காமல் கை வைக்காதே. ஹாலுக்கு நீயே கட்டியதாகச் சொன்னாய். கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்களா? வேலை முடிந்த பிறகு கேட்கிற பணம் பிச்சை மாதிரி ஆகிவிடும். ஆகஸ்ட் 7 என்ன, திடீரென்று வந்து நிற்கிற தேதியா? 1905-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள் என்று 2015-இல் அதைத் தேசியக் கைத்தறி நாளாக அறிவித்து, முதல் விழாவைச் சென்னையில்தான் நடத்தினார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே ஆகஸ்ட் 7. அவர்களுக்கு ஜூலை 27-இல்தான் விடிந்ததென்றால், அந்த அவசரம் அவர்களுடையது. அதை நீ ஏன் உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாய்? முன்பணம் வாங்கு. எழுதி வாங்கு.

சேலைக் கணக்குக்கு வருகிறேன். கரையைத் தனி நாடாவில் உடலோடு கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலை ஒன்றுக்குப் பத்து நாளாவது வேண்டும், பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும், தறியில் ஏற்றுகிற ஒரு பாவு நூலுக்கு மூன்று சேலை. உனக்குத் தெரியாததா. நீ 24 கேட்ட அன்று பொன்னம்மாபேட்டை, அம்மாபேட்டை, நம் குகை எல்லாம் சுற்றினேன். எல்லாத் தறியிலும் தீபாவளி ஆர்டர். நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து வைத்தது யாரிடமும் இல்லை. நம்முடையது இரண்டு, சின்ன மாமாவுடையது ஒன்று, சொசைட்டிக்காரரைக் கெஞ்சி வாங்கியது மூன்று. ஆறு. இரண்டு கட்டாகக் கட்டிப் புது பஸ் ஸ்டாண்டில் நானே ஏற்றிவிட்டேன். அன்று ராத்திரி, "ஆறுதான் பாப்பா" என்றேன். கொஞ்ச நேரம் நீ பேசவில்லை. அப்புறம், "சரிப்பா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாய்.

ஷோ வீடியோவைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். நம் ஆறும் அழகாக வந்திருக்கின்றன. அந்த மாம்பழ நிறச் சேலையில் வந்த பெண் முந்தானையை விரித்துக் காட்டியபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்றதும் நன்றாகத்தான் இருந்தன. அரக்கு உடல், பச்சைக் கரை ஒன்று வந்ததே, இரண்டாவது சுற்றில், அதை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கரையும் உடலும் சேருகிற இடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. கையால் நாடா மாற்றினால் அங்கே ஒரு பல் தெரியும், கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். வெளிச்சம் அப்படிக் காட்டியிருக்கலாம். எனக்கும் கண்ணில் புரை விழுகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கீழே எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்: "24 சேலைகளும் சேலம் நெசவாளர்களின் கைநெசவு."

மழை வந்து கரண்டு போய்விட்டது. விளக்கு வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முன்பணத்தைப் பற்றி எழுதினேன் அல்லவா. 2003-இல் அஸ்தம்பட்டியில் ஒரு கல்யாண வீடு, 30 வெண்பட்டு வேட்டி, 15 நாள். முன்பணம் வாங்கித்தான் இருந்தேன். அந்தப் பணம் உன் பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, அதனால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று தறியும் ராப்பகலாக ஓடி 11 வேட்டி அறுத்தோம். மீதி 19. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டறையிலிருந்து சைக்கிள் கேரியரில் மூட்டையை வைத்துக் கட்டி, பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தது நீதான். ஏழாம் வகுப்பு. விசைத்தறிச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாய்.

பட்டுதான் அது, கலப்படம் இல்லை, கூலிதான் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைத்தறி வேட்டி என்று தெரிய ஓரத்தில் ஊசிமுனை பட்ட துளை இருக்க வேண்டும் என்று ராத்திரி நானே உட்கார்ந்து ஊசியால் குத்தினேன். 19 வேட்டிக்கும். நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்திருந்தேன். காலையில் சாப்பிடும்போது என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அந்தத் தழும்புதான் உன் வீடியோவில் வந்தது.

கொடுக்கப் போனபோது நான் தெருமுனை டீக்கடையில் நின்றுகொண்டு உன்னை உள்ளே அனுப்பினேன். சில்லறை இல்லாததால் மாற்றப் போனேன் என்று அப்புறம் சொன்னேன். பொய். குழந்தையிடம் துருவிக் கேட்கமாட்டார்கள் என்றுதான் அனுப்பினேன். அந்த வீட்டுப் பாட்டி ஒவ்வொன்றாக விரித்து நகத்தால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார்களாம். "எல்லாம் உங்கப்பா நெய்ததா கண்ணு?" என்று கேட்டார்களாம். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து லீ பஜாரில் அந்தப் பாட்டியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "உங்க பொண்ணு சொல்லுச்சு, ராத்திரி தூங்காம நெய்தீங்களாமே. கேட்டு மனசு கரைஞ்சு போச்சு, அதான் தனியா நூறு ரூபா குடுத்தேன்."

அந்த நூறு ரூபாயை நீ அன்றே என் கையில் கொடுத்திருந்தாய், "பாட்டி குடுத்தாங்க" என்று. மீனாட்சி கிரீடமும் பச்சைப் பட்டு ஜாக்கெட்டும் அதில் வாங்கியதுதான். அந்த வருஷம் நம் வண்டிக்கு மூன்றாம் பரிசு.

ஊரில் இதை யாரிடமும் சொன்னதில்லை. வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியபோது சங்கத்துக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள், தொண்டை சரியில்லை என்று உட்கார்ந்துகொண்டேன். கைத்தறிக்கென்று 11 வகைத் துணியை ஒதுக்கிய 1985 சட்டத்தைப் பற்றி இளைஞர்கள் ஆவேசமாகப் பேசும்போதெல்லாம் நான் தரையைப் பார்ப்பேன். ஆனால் அதெல்லாம் பெரிதில்லை பாப்பா. நான் வேட்டியில் பொய் சொன்னேன். உன்னை ஏன் வாயால் சொல்ல வைத்தேன் என்பதுதான் 20 வருஷத்துக்கு மேலாகியும் தறியில் உட்கார்ந்தால் வருகிறது.

மீதி 18 எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. யாராவது உன்னிடம் கேட்டார்களா, அதனால்தான் போனை எடுக்காமல் இருக்கிறாயா என்று மட்டும் ராத்திரி புரண்டு படுக்கும்போது தோன்றுகிறது. அப்படி இருந்தால், "ஆறு எங்க அப்பா ஊர்ல நெய்தது, மீதி வாங்கினது" என்று அந்த வரியை மாற்றிப் போட இப்போதும் முடியுமா? எனக்கு அந்த மாதிரி திருத்துவது தெரியாது. வீடியோவை எடுத்துவிட்டால் போதுமா, எழுத்தை மட்டும் மாற்றலாமா, உனக்குத் தெரியும்.

அடுத்த தடவை இவ்வளவு குறைந்த நாளில் வந்தால் ஆறு சேலையை மட்டும் வைத்து நடத்திப் பார். ஆறு பெண்கள், ஆறு சேலை, மெதுவாக நடக்கட்டும். நெய்தவர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வை, நான்கூட வருகிறேன். நம் ஊரிலேயே 1960-லிருந்து கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குக் கூலியும் சாப்பாடும் கொடுத்துக் கூப்பிட்டால் சேலையைத் தொடத் தெரிந்த கைகள் கிடைக்கும். சிறிய தறி ஒன்றை மேடையில் மாட்டச் சின்ன மாமாவுக்கு அரை நாள் போதும். முன்பணம் வாங்கிக்கொண்டு செய். ஹால் பணம் வந்துவிட்டதா என்று எழுது.

நாளைக் காலை பஸ்ஸில் ஒரு பார்சல் வருகிறது. மாங்காய் ஊறுகாய், தட்டுவடை, அம்மா தைத்த தலையணை உறை. தட்டுவடை நொறுங்காமல் இருக்கப் பழைய பாவு நூலைச் சுற்றி வைத்திருக்கிறேன், தூக்கிப் போட்டுவிடாதே, எனக்குத் திரும்ப வேண்டும்.

கடிதத்தில் என்ன எழுதினேன் என்று அம்மா கேட்டால், சேலை விலை எழுதியிருந்தார் என்று சொல்.

அன்புடன்
அப்பா