பொருள்: பழுதான மின்சுற்றுப் பலகையை மாற்றித்தர மறுத்தமை

யாழ்ப்பாணம்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

உங்கள் கடையிலிருந்து தபாலில் எடுப்பித்த இரண்டு புரோ மைக்ரோ பலகைகளில் (விசைப்பலகையை இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகைகள்) ஒன்று வந்த நாள் முதல் உயிரற்றுக் கிடக்கிறது. மாற்றித்தரக் கேட்டதற்கு, ‘ஃபேர்ம்வெயார் (பலகையை இயக்கும் மென்பொருள்) ஏற்ற முயன்றதால் உத்தரவாதம் செல்லாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பேனாவை விற்றுவிட்டு, மை ஊற்றினால் உத்தரவாதம் இல்லை என்பீர்களா? ஃபேர்ம்வெயார் ஏற்றுவதற்கென்றே வாங்குகிற பொருள் அது.

நான் நல்லூரில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்பவள். நாள் முழுதும் ரெங்கநாதன் தமிழ் விசையமைப்பில் அடித்து இரு மணிக்கட்டும் நோவெடுத்ததால், இரண்டு பாதியாகப் பிரிந்த விசைப்பலகையொன்றை நானே கம்பி இணைத்துச் செய்தேன். 58 விசைகள், விசைக்கொரு 1என்4148 டயோட் (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு). ஒரு டயோட்டின் கறுப்புக் கோடு மாறித் திரும்பினாலும் அந்த விசை வேலை செய்யாது. மூன்று வாரம் இரவில் விழித்திருந்து முடித்தேன். தமிழில் மெய்யெழுத்துகளின் மேல் ஓயாமல் வரும் புள்ளியைப் பெருவிரலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே என் பெரிய ஆசை.

இடப்பக்கப் பலகை கியூஎம்கே என்ற விசைப்பலகை ஃபேர்ம்வெயாரை முதல் முயற்சியிலேயே ஏற்றுக்கொண்டது. வலப்பக்கத்துக்குரியதைப் பற்றவைக்கும் முன்னரே சோதித்தேன். அதில் இன்றுவரை ஈயம் படவில்லை. ரீசெட் முனையைக் கிரவுண்டுடன் இரு தடவை விரைவாகத் தொட்டால் ஃபேர்ம்வெயாரை ஏற்றிக்கொள்ளும் பூட்லோடர் 8 விநாடி விழித்திருக்க வேண்டும். கணினியில் எதுவுமே தோன்றவில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றும் வயரோ என்று வயரை மாற்றினேன், அச்சகக் கணினியிலும் பார்த்தேன். பயனில்லை.

கடைசியில், துளைகளில் கம்பிகளை அழுத்திப் பிடித்தபடி, ஆர்டுயினோ ஊனோ என்ற இன்னொரு சிறு பலகை மூலம் சிப்பின் அடையாள எண்ணை வாசித்தேன். மேலே அச்சிட்டிருப்பது ஏடிமெகா 32யூ4. உள்ளிருந்து வந்த எண் 16யூ4இனுடையது. 32 கிலோபைட் நினைவகத்துக்குப் பணம் கொடுத்த எனக்கு 16 கிலோபைட் வந்திருக்கிறது. தெரிந்தே அனுப்பினீர்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை; உங்களுக்கு விற்றவர் உங்களையும் ஏமாற்றியிருக்கலாம். ஆனால் அந்த நட்டத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்?

உண்மையான 32யூ4 பலகையொன்றை, அனுப்புமுன் உங்கள் கையாலேயே சோதித்து, 14 நாட்களுக்குள் அனுப்பிவையுங்கள். பழையதைத் திருப்பி அனுப்பும் தபால் செலவும் உங்களுடையது. தவறினால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுவேன்.

பற்றுச்சீட்டின் பிரதியையும், சிப்பின் படத்தையும், வாசித்த எண் தெரியும் கணினித் திரைப்பிடிப்பையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்