ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியிலாவது மாதிரிப் பள்ளிப் பயிற்சி வேண்டும்: அரூர் வட்டாரப் பெற்றோரின் கோரிக்கை மனு

அனுப்புநர்
அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்,
அரூர் வட்டாரம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: மாதிரிப் பள்ளிகளில் கிடைக்கும் நுழைவுத் தேர்வுப் பயிற்சியையும் வழிகாட்டுதலையும் மற்ற அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தக் கோருதல், ஊர்ப் பள்ளிகளில் முதல் குரூப்பும் (கணக்கும் அறிவியலும் உள்ள பிரிவு) தொழிற்பிரிவும் மூடப்படாமல் காக்கக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே கருத்துள்ளவர்கள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு கூடிய எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நடந்தது கிட்டத்தட்ட சண்டைதான். நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து விடுதியோடு அரசு நடத்தும் மாவட்ட மாதிரிப் பள்ளியில் இடத்தை இரண்டு மடங்காக்கச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும் என்று பாதிப் பேர். இருக்கிற நல்லாப் படிக்கிற பிள்ளைகளையும் அங்கே அனுப்பிவிட்டு இந்தப் பள்ளியை யார் நடத்துவது என்று மீதிப் பேர். மரவள்ளி போடும் ஒரு அண்ணன் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "விதை நெல்லை எடுத்துக்கிட்டுப் போயிட்டு, விளைச்சல் ஏன் கம்மின்னு நம்ம வாத்தியாரையே கேட்கிறாங்க, இது என்ன நியாயம்?" அதற்கு ஒரு அம்மா சட்டென்று, "உங்க பையன் பேரு லிஸ்ட்ல வந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்றார். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது.

மனுவை எழுதும் நான் எந்தப் பக்கம் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். என் மூத்த பெண் மாதிரிப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். சின்னவன் ஊர்ப் பள்ளியிலேயே ஒன்பதாவது. ஒரே வீட்டில் இரண்டையும் பார்ப்பதால்தான் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

மாதிரிப் பள்ளிகள் வேண்டாம் என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 2021-இல் 10 மாவட்டங்களில் தொடங்கியது, இன்று 38 மாவட்டங்களிலும் இருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். கூலி வேலைக்குப் போகிறவரின் பிள்ளை ஐஐடிக்கும் என்ஐடிக்கும் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம் என்ற நினைப்பே எங்கள் பக்கத்து ஊர்களில் இதனால்தான் வந்தது. சட்டப் படிப்புக்குக் கிளாட், ஃபேஷன் படிப்புக்கு நிஃப்ட் என்று சில பரீட்சைகள் உண்டு என்பதையே என் மகள் லீவுக்கு வந்து சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அவளோடு பத்தாவது வரை ஒன்றாகப் படித்து, அவளைவிடச் சில மார்க் மட்டும் குறைவாக எடுத்த பிள்ளைக்கு இது எதுவுமே தெரியாது. அந்தப் பிள்ளை இங்கேதான் படிக்கிறாள். பாடப் புத்தகம் ஒன்று, பொதுத்தேர்வு ஒன்று, அரசாங்கமும் ஒன்று. விண்ணப்பம் எப்போது போட வேண்டும் என்று சொல்ல மட்டும் அவளுக்கு ஆள் இல்லை.

இந்த விண்ணப்ப விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் பயிற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். என்ஐடிக்கும், ஐஐடிக்கு முதல் படியாகவும் எழுத வேண்டிய ஜேஇஇ மெயின் தேர்வு வருடத்தில் இரண்டு முறை நடக்கிறது, முதலாவது ஜனவரியில். அதற்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய வருடக் கடைசியிலேயே திறந்து மூடிவிடும். எங்கள் பிள்ளைகள் அப்போது அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். சரி, எப்படியோ தெரிந்து இ-சேவை மையத்துக்குப் போனாலும், அங்கே போன பிறகுதான் ஓபிசி (மத்திய அரசுப் பட்டியலின் பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் கேட்கிறார்கள். எம்பிசி என்று போட்ட சாதிச் சான்றிதழ் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, இது போதாதா என்றால் போதாதாம். மத்திய அரசு நிறுவனங்களுக்கு அவர்கள் படிவத்தில் தனியாக எடுக்க வேண்டும், அதுவும் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று அது நகர்ந்து வருவதற்குள் கடைசித் தேதி வந்துவிடுகிறது. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறது, ஓடிபி அந்தப் போனுக்குப் போகிறது, அவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறார். சிரிப்பாகத் தோன்றலாம். பயிற்சியே எடுக்காமல் ஒரு பிள்ளை ஐஐடி வாய்ப்பை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். மாதிரிப் பள்ளியில் இந்த வேலை முழுவதையும் பள்ளியே பார்த்துக்கொள்கிறது, கட்டணம் உட்பட.

மெயினில் தேறியவர்கள் ஐஐடிக்காக எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இரண்டு முறைதான் எழுத முடியும். ஒரு வருடம் தெரியாமல் போனால் பாதி வாய்ப்பு அங்கேயே முடிந்தது. மெயின் தேர்வை 2021-இலிருந்து தமிழிலும் எழுதலாம், நல்ல விஷயம். ஆனால் அட்வான்ஸ்டு கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இயற்பியல், வேதியியல் சொற்களை ஆங்கிலத்திலும் பழக்க வேண்டும் என்றால் அது பிளஸ் ஒன்னிலேயே தொடங்க வேண்டும், பிளஸ் டூ டிசம்பரில் இல்லை.

அப்புறம், எங்கள் கூட்டத்தில் அதிகச் சத்தம் கேட்டது முதல் குரூப் பற்றி. ஊர்ப் பள்ளியில் பத்தாவதில் முதல் நாலைந்து இடம் பிடித்தவர்கள் மாதிரிப் பள்ளிக்குப் போகிறார்கள். கணக்கும் அறிவியலும் எடுக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் அவர்களே. மிச்சம் இருப்பவர்களில் சிலர் தயங்குகிறார்கள், முதல் குரூப்பில் ஆள் குறைகிறது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடத்தைக் கணக்குப் போடுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் முதுகலை ஆசிரியர் உபரி. பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். அடுத்த வருடம் பத்தாவது முடிக்கும் பிள்ளையிடம், "கணக்குக்கு வாத்தியார் இல்லைம்மா, அக்கவுண்ட்ஸ் எடுத்துக்கோ" என்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வது இல்லை, ஒவ்வொருவரும் விதிப்படிதான் செய்கிறார்கள். ஆனாலும் குரூப் மூடுகிறது. காமர்ஸ் குரூப் மட்டம் என்று நாங்கள் சொல்லவில்லை, பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்தால் நல்லதுதான்.

இதே நிலைதான் தொழிற்பிரிவுக்கும். இதைப் பற்றி மாதிரிப் பள்ளி விவாதத்தில் யாரும் பேசுவதே இல்லை. வேளாண் அறிவியல், எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், நர்சிங் என்று பிளஸ் டூவில் ஒரு காலத்தில் பல பிரிவுகள் இருந்தன. ஆசிரியர் ஓய்வுபெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டு, பிரிவையே எடுத்துவிடுவதை எங்கள் சுற்றுவட்டாரத்தில் பார்த்திருக்கிறோம். பிளஸ் டூவில் இதைப் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்பிரிவுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. எல்லாப் பிள்ளையும் ஐஐடிக்குப் போகப் போவதில்லை என்று எங்களுக்கும் தெரியும். அவர்களுக்கான கதவையும் சேர்த்துச் சாத்தாதீர்கள்.

குரூப் இல்லை என்றால் கொஞ்சம் வசதி உள்ள பெற்றோர் என்ன செய்கிறார்கள்? கடன் வாங்கியாவது நாமக்கல், ராசிபுரம் பக்கம் தனியார் விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கிறார்கள். அந்த நாளோடு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு போய்விடும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால்தான் மருத்துவத்திலும் பொறியியலிலும் அது கிடைக்கும். ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை கடைசி இரண்டு வருடத்தில் அதை இழப்பதற்குக் காரணம், பக்கத்தில் ஒரு கணக்கு வாத்தியார் இல்லாததுதான்.

இடத்தைக் கூட்டினால் போதுமே என்பவர்களுக்கு ஒரு பதில். எல்லாப் பிள்ளையையும் விடுதிக்கு அனுப்ப முடியாது. பெண் பிள்ளையை அனுப்பத் தயங்குவது பழைய காலத்துப் புத்தி என்று அதிகாரிகள் நினைக்கலாம், கொஞ்சம் உண்மைதான், என் வீட்டிலேயே என் அம்மாவைச் சமாதானப்படுத்தப் பெரும் பாடு பட்டேன். ஆனால் வேறு காரணமும் உண்டு. அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பாட்டியையும் தம்பியையும் பார்த்துக்கொண்டு பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய பெண்கள் இங்கே இருக்கிறார்கள். மாதிரிப் பள்ளிப் பட்டியலில் பெயர் வந்தும் போகாதவர்கள் இவர்கள். சித்தேரி மலைப் பிள்ளைகளுக்கு இந்த அடிவாரப் பள்ளிகளே தூரம்.

தேர்வு செய்யும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நாள் பள்ளியிலிருந்து போன் வரும், "உங்க பிள்ளை பேர் வந்திருக்கு, சீக்கிரம் முடிவு சொல்லுங்க" என்பார்கள். எந்த மார்க், எந்தப் பரீட்சை, எங்கள் ஒன்றியத்துக்கு எத்தனை இடம், பெயர் வராதவர் யாரிடம் கேட்பது, எதுவும் எங்கள் கைக்கு எழுத்தில் வந்ததில்லை. கூட்டத்தில் ஒருவர் மத்திய அரசின் நவோதயா விடுதிப் பள்ளியை இழுத்தார். தமிழ்நாட்டில் அந்தப் பள்ளி ஏன் ஒன்றுகூட இல்லை என்ற மொழி அரசியலுக்குள் இந்த மனு போகவில்லை, எங்களுக்குள்ளேயே அதில் ஏழு கருத்து. ஆனால் அங்கே குறைந்தது 75 சதவீத இடம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு என்று விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு வரியைக் கேட்பதில் தப்பில்லை.

எனவே நாங்கள் கேட்பது இவைதான்.

ஒவ்வொரு ஒன்றியத்திலும் குறைந்தது ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியை மையமாக வைத்து, மாதிரிப் பள்ளியில் கொடுக்கும் அதே பாடக் குறிப்பு, அதே மாதிரித் தேர்வு, அதே வழிகாட்டுதல் ஆகியவற்றைச் சுற்றியுள்ள பள்ளிகளின் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கும் கொடுங்கள். விருப்பம் உள்ளவர் எல்லோரும் வரலாம் என்று வையுங்கள், அங்கேயும் ஒரு வடிகட்டி வேண்டாம். கம்ப்யூட்டர் உள்ள ஹைடெக் லேப் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி விட்டதும் பூட்டி வைக்கிறோம். சனிக்கிழமை வருகிற பிள்ளைக்கு மதியச் சாப்பாடும், மலையிலிருந்து வருகிறவர்களுக்கு வண்டியும் இல்லாமல் இது காகிதத்தில்தான் நடக்கும். ஒன்று மட்டும் மிகவும் கேட்டுக்கொள்கிறோம்: இந்த வேலையையும் இருக்கும் இயற்பியல் ஆசிரியர் தலையில் போடாதீர்கள். எமிஸ் என்ற துறையின் இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவு ஏற்றவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது. தனியாக ஆள் போடுங்கள்.

அந்த மையத்திலேயே விண்ணப்பம், சான்றிதழ், கட்டணம் மூன்றையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஓபிசி சான்றிதழை ஜூன், ஜூலையிலேயே பள்ளி வழியாக மொத்தமாக எடுத்துக் கொடுக்க வருவாய்த் துறைக்கு ஒரு கடிதம் போட்டால் பாதித் தலைவலி போய்விடும். இதற்குச் செலவே கிடையாது.

மாதிரிப் பள்ளிக்குப் போன பிள்ளைகளை அவர்கள் படித்துவிட்டு வந்த பள்ளியின் எண்ணிக்கையிலும் சேர்த்தே ஆகஸ்ட் 1 கணக்கைப் போட வேண்டும் என்று ஆணை வேண்டும். பிள்ளையைக் கொடுத்த பள்ளி வாத்தியாரையும் சேர்த்து இழக்கக் கூடாது. முதல் குரூப்பையும் தொழிற்பிரிவையும் மூடுவதற்கு முன் மேலாண்மைக் குழுவில் வைத்துப் பெற்றோரிடம் கேட்க வேண்டும், காலியான தொழிற்கல்வி ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும்.

மாதிரிப் பள்ளிக்கு எப்படித் தேர்வு செய்கிறீர்கள், ஒன்றியத்துக்கு எத்தனை இடம் என்பதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மாட்டேன் என்று சொல்லும் பெற்றோரை நெருக்காமல், அவர் பிள்ளைக்கு மையத்தில் இடம் கொடுங்கள்.

கடைசியாக, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்ததில் எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிட்டு நேராகப் பிளஸ் டூ பாடத்தை நடத்துகிறார்கள் என்றுதான் 2017-18-இல் அந்தத் தேர்வையே கொண்டுவந்தீர்கள். நீட், ஜேஇஇ கேள்வித்தாளில் பிளஸ் ஒன் பாடமும் வருகிறது. தேர்வு போன பிறகு எங்கள் பள்ளிகளில் அந்தப் பாடம் முழுதாக நடக்கிறதா என்று யாராவது வந்து பார்க்க வேண்டும். தலைமை ஆசிரியர் அனுப்பும் அறிக்கையை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்த வருட ஆகஸ்ட் 1-க்கு முன்பு எண்ணிக்கை பற்றிய ஆணையாவது வந்தால், குறைந்தபட்சம் இந்த வருடம் உபரி என்று எந்த ஆசிரியரும் போக மாட்டார். மற்றதைப் பற்றி மாவட்ட அளவில் ஒரு கூட்டம் போட்டு எங்களைக் கூப்பிட்டால் வருகிறோம். இரண்டு கருத்துக்காரர்களும் வருவோம், அங்கேயும் சண்டை போடலாம், பரவாயில்லை. பதிலை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரூர் வட்டார அரசு மேல்நிலைப் பள்ளிகளின் பெற்றோர்

இணைப்பு: பெற்றோர் கையெழுத்துப் பட்டியல், மேலாண்மைக் குழுக் கூட்டத் தீர்மான நகல்.

நகல்: உறுப்பினர் செயலர், தமிழ்நாடு மாதிரிப் பள்ளிகள், மாவட்ட ஆட்சியர், தருமபுரி, முதன்மைக் கல்வி அலுவலர், தருமபுரி.